ஓரம் பொருந்தாத ஓடை

நில வரைபட அலுவலகத்தில் அவரை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு கோடு போட்டால் அதை நாலு தடவை அழித்துப் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் மேசையைத் துடைக்க வருகிற ஆயா, குவிந்து கிடக்கும் ரப்பர் துகளைப் பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் படம் போட வர்றாரா, படத்தை அழிக்க வர்றாரா?" என்று கேட்காத நாள் இல்லை. அதே கூடத்தின் மறுகோடியில், வடக்குச் சன்னல் ஓரமாக, அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கல்வெட்டு என்று பெயர். அவர் பென்சிலை வைத்தால் வைத்ததுதான். அழித்ததாகச் சரித்திரமே இல்லை.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு ஒரே தொழில் வாய்ப்பது அபூர்வம். வாய்த்தும் இவர்களுக்குப் பிரயோசனப்படவில்லை, ஏனென்றால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தேநீர் வைக்கும் மூலைக்கு ஒருத்தர் வந்தால் இன்னொருத்தருக்குத் திடீரென்று ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம், தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்பதற்கு முன்னால் இந்த விஷயத்தைத்தான் சொல்லிவைப்பார்கள்.

சண்டை வந்தது அவர்களுடைய அம்மா இறந்தபோது. அப்போது ரப்பர் மேட்டுச் சமவெளியில், ஜீப்கூடப் பாதி தூரம்தான் போகும் ஒரு மூலையில், கூடாரம் போட்டு அளந்துகொண்டிருந்தார். அண்ணன் ஊரில் இருந்தார். படுக்கையில் விழுந்த அம்மா பெரியவனைக் கூப்பிட்டு, "சின்னவனுக்குச் சொல்லாதே. அலறியடிச்சிக்கிட்டு ஓடி வருவான். நான் ரெண்டு நாள்ல எழுந்துடுவேன்" என்றாள். அம்மா சொல்லைத் தட்டுகிற பழக்கம் அண்ணனுக்கு இல்லை. அவர் சொல்லவில்லை, அம்மாவும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஆள் விட்டுச் செய்தி போய், தம்பி புழுதியும் தாடியுமாக வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வந்தவர்களுக்குப் போட்ட நாற்காலிகளைக்கூட மடக்கி வைத்துவிட்டார்கள்.

வாசலில் நின்றபடியே ரப்பர் கேட்டார். "கடைசியா ஒரு தடவை மூஞ்சியப் பாக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையா?"

"அம்மாதான்..." என்று ஆரம்பித்த அண்ணன் அங்கேயே நிறுத்திக்கொண்டார். போய்ச் சேர்ந்தவள் மேல் பழி போட அவருக்கு வாய் வரவில்லை.

"நீ எனக்கு அண்ணனே இல்ல. இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு ரப்பர் திரும்பி நடந்தார். அம்மா சொல்லித்தான் அண்ணன் சும்மா இருந்தார் என்பது நாலைந்து நாளில் அவர் காதுக்கும் வந்தது. மனைவிதான் சொன்னாள். "அத்தையே வேணாம்னு சொல்லியிருக்காங்க. உங்க அண்ணன் என்ன பண்ணுவாரு?" என்றாள். "அதுக்காக?" என்று கேட்டுவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கோபம் நியாயமானதுதான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அதை ஊறுகாய் மாதிரி வருஷக்கணக்காக வைத்துக்கொண்டிருந்ததுதான் நியாயமில்லை. பென்சில் கோட்டை நாலு தடவை அழிக்கிற மனுஷன் இந்த ஒரு சொல்லை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தார். எத்தனையோ நாள் அண்ணன் மேசைப் பக்கம் கால் தானாகவே திரும்பும். சொன்ன சொல் நினைவுக்கு வரும், வீம்பு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் மேட்டுச் சமவெளியை முழுசாகப் புது வரைபடமாக்கும் வேலை வந்தது. அந்த இடத்தைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை பார்க்க ஆசைப்பட மாட்டார்கள். புல், காற்று, வானம், அவ்வளவுதான். தரை தட்டுப்போல இருக்கும். ஆனால் நம் கண்ணுக்குத்தான் அது தட்டு, தண்ணீருக்கு அதில் மேடும் பள்ளமும் நன்றாகத் தெரியும். ஓடைகள் வருஷத்தில் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். மழை வந்தால் சில நாள் பாயும், பிறகு ஓடிய அடையாளம்கூட இல்லாமல் புல் மூடிக்கொள்ளும். அந்தத் தடத்தைக் கண்டுபிடிப்பதில் அண்ணன் தம்பி இருவருமே கெட்டிக்காரர்கள். புல் எங்கே நிறம் மாறுகிறது, கூழாங்கல் எங்கே உருண்டையாக இருக்கிறது, வண்டல் எங்கே வெடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதிலும் சந்தேகம் என்றால் ரப்பர் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஜீப் டிரைவர் முதல் தடவை அதைப் பார்த்தபோது ஐயாவுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

சமவெளியைப் பல தாள்களாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். ரப்பருக்குக் கிழக்குத் தாள். அதை ஒட்டிய மேற்குத் தாள் கல்வெட்டுக்கு. அதை அண்ணனே பிரிவுத் தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பேசிக்கொண்டார்கள். "வேணும்னே பண்றாரு" என்று ரப்பர் பல்லைக் கடித்தார். ஒன்றும் சொல்ல முடியாது, வேலை வேலைதான். இருவரும் அவரவர் எல்லைக்குள் ஒரு பருவம் முழுக்க அளந்தார்கள். ஒருவர் கூடாரத்துப் புகை இன்னொருவருக்குத் தெரியும் தூரத்தில்கூடச் சில நாள் இருந்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துப் பக்கத்துத் தாள்கள் அச்சுக்குப் போகும் முன் அவற்றின் ஓரங்கள் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் தாளின் ஓரத்தை மட்டும் மெல்லிய தாளில் பென்சிலால் நகல் எடுத்து அடுத்தவருக்கு அனுப்புவார். அதற்கு ஓரத்தாள் என்று பேர். இரண்டையும் சேர்த்து வைத்தால் சாலை சாலையோடும் ஓடை ஓடையோடும் இணைய வேண்டும். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்துப் போடும் பழுப்புக் கோடுகள் ஒரு தாளில் விட்ட இடத்திலேயே அடுத்த தாளில் தொடர வேண்டும். எங்காவது இடித்தால் இரண்டு பேரும் நேரில் போய், அந்த எல்லையில் ஒன்றாக நின்று, தரையைப் பார்த்து முடிவு பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து சரிசெய்யக்கூடாது என்பதில் அலுவலகம் கண்டிப்பாக இருந்தது. பேசாத ஆட்களை வைத்துக்கொண்டு இந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

கல்வெட்டின் ஓரத்தாள் வந்தது. ரப்பர் அதைத் தன் தாளோடு சேர்த்து வைத்தார். மேலிருந்து கீழே எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரே ஒரு ஓடையைத் தவிர. எல்லை நடுவில் ஒரு தாழ்ந்த மேடு இருக்கிறது, மாட்டு முதுகு மாதிரி. அண்ணன் தாளில் ஓடை அந்த மேட்டுக்கு வடக்கே வந்து எல்லையில் முடிந்தது. தம்பி தாளில் அதே ஓடை மேட்டுக்குத் தெற்கே தொடங்கியது. தாளில் ஒரு விரல் அகலம்தான் வித்தியாசம். தரையில் அது நடந்தால் கால் வலிக்கிற தூரம்.

ரப்பருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. ஓரத்தாளைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அந்த ஓடை தெற்கேதான் போகிறது. அதன் கரையில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டிருக்கிறார். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்திருக்கிறார். கல்வெட்டுக்குத் தப்பு வந்துவிட்டது! அந்த நிமிஷம் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு மனைவி உப்பு போட மறந்திருந்தாள், அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பிரிவுத் தலைவர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரப்பர், உங்க ஓடை அந்தரத்துல தொங்குதேய்யா."

"என் ஓடை சரியாத்தான் சார் இருக்கு."

"கல்வெட்டு தப்புப் போடுவாரா?"

"போட்டிருக்காரே சார்."

"அதை என்கிட்ட சொல்லாதீங்க. அவர்கிட்ட சொல்லுங்க. உங்களுக்காக அவர் ஏற்கெனவே எல்லையில போய்க் கூடாரம் போட்டுட்டார். நீங்களும் போங்க, ரெண்டு பேரும் நின்னு பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க."

மறுநாள் காலையில் மனைவி அவருடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். "புல்லுக்காட்டுல போய் அளக்கறதுக்கு இது எதுக்கு?" என்று அவர் எரிந்து விழுந்தார். ஆனால் அதைத்தான் போட்டுக்கொண்டார். வாசல் வரைக்கும் வந்து அவள், "கோவப்படாம பேசுங்க. அவரே முதல்ல பேசினா மூஞ்சியத் திருப்பிக்காதீங்க" என்றாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் ஒரு தடவை தலையை வாரிக்கொண்டதை டிரைவர் பார்த்தார். இன்றைக்கு எல்லாம் நல்லபடி முடிந்துவிடும் என்று டிரைவருக்கே ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் வாயைக் கொடுத்துவிட்டார்.

"உங்க அண்ணன் ஏற்பாடெல்லாம் பலமா பண்ணியிருக்காரு சார். ஸ்டோர்ல சொல்லி மடக்கு நாற்காலி ரெண்டு வாங்கிட்டுப் போயிருக்காரு. வேலைக்குப் போற எடத்துல அவர் நாற்காலி கேட்டு நான் பாத்ததே இல்ல."

ரப்பரின் முகம் மாறியது. நாற்காலியா? எதற்கு நாற்காலி? ஓ, உட்கார வைத்துப் புத்தி சொல்லப் போகிறாரா? பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி எதிரே உட்கார்ந்து, தப்பான கோட்டையும் போட்டுவிட்டு, அதைக் காட்டி எனக்கே பாடம் எடுக்கப் போகிறாரா? அன்றைக்கு வாசலில் ஒரு வார்த்தை பேசாமல் நின்ற ஆளுக்கு இன்றைக்கு நாற்காலி போட்டுப் பேச வேண்டியிருக்கிறதா? கோபம் வந்தவனுக்குக் காரணம் கிடைப்பது கஷ்டமே இல்லை. பெட்ரோல் போடுகிற இடம் வந்தது. டிரைவர் இறங்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, ரப்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே நின்றிருந்தார்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல. நீ போய்ச் சொல்லிடு."

"என்ன சொல்ல சார்?"

"வர முடியலைன்னு சொல்லு."

"சார், அவரு காத்துக்கிட்டு இருப்பாரே."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் வந்த வழியே நடந்தார். நல்ல சட்டை முதுகில் வேர்வையில் ஒட்டியிருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை, மனைவிக்கு முகம் காட்ட முடியாது. நேரே அலுவலகத்துக்குப் போனார். சாப்பாட்டு நேரம், கூடத்தில் யாரும் இல்லை. கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கைப் போட்டுத் தன் தாளை விரித்தார். போகாவிட்டால் ஓரம் பொருந்தாது. பொருந்தாவிட்டால் பிரிவுத் தலைவர் விடமாட்டார், நாளைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார். இதற்கு ஒரே வழிதான் இருந்தது. அவர் ரப்பரை எடுத்து, தெற்கே போகிற உண்மையான ஓடையை அழித்தார். மேட்டுக்கு வடக்கே, அண்ணனின் தப்பான கோடு முடிகிற புள்ளியிலிருந்து புதிதாக ஒரு ஓடையை இழுத்து, மேட்டைச் சுற்றிக் கொண்டுவந்து பழைய தடத்தில் சேர்த்தார். ஓடை என்றால் பள்ளத்தில்தான் போக வேண்டும், அங்கே பள்ளம் இல்லை. ஆகவே பழுப்புக் கோடுகளையும் ஒவ்வொன்றாக அழித்து, வளைத்து, இல்லாத பள்ளத்தை உண்டாக்கினார். ஒரு பொய்க்கோட்டுக்கு இடம் கொடுக்க, பக்கத்தில் இருந்த நல்ல கோடுகளெல்லாம் நகர வேண்டியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் அழித்ததெல்லாம் சரியாக வர வேண்டும் என்பதற்காக. தெரிந்தே தப்பாக வர வேண்டும் என்று அழித்தது அன்றைக்குத்தான். கை நடுங்கவில்லை என்பதுதான் பிறகு அவரை ரொம்பக் காலம் உறுத்தியது.

சாயங்காலம் பிரிவுத் தலைவரிடம் தாளை நீட்டி, "பொருந்திடுச்சு சார். என் பக்கம்தான் தப்பு" என்றார்.

"நேர்ல போனீங்களா?"

"போக வேண்டிய அவசியம் இல்ல சார். குறிப்பைப் பாத்தேன், நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்."

தலைவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய அவசரம் அவருக்கு. "சரி" என்று வாங்கி வைத்துக்கொண்டார். விஷயம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. "கல்வெட்டை ரப்பரால அழிக்க முடியுமா?" என்று சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அண்ணன் திரும்பி வந்தபோது முகமெல்லாம் காற்றடித்துக் கறுத்திருந்தது. பொருந்திய தாள்களை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திக் கூடத்தின் மறுகோடியில் இருந்த தம்பியைப் பார்த்தார். ரப்பர் குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். சீவ வேண்டிய பென்சில் எதுவும் மிச்சமில்லாத பிறகும் சீவிக்கொண்டிருந்தார். அண்ணன் தம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வரைபடம் அச்சாகி வந்தது. கொஞ்ச நாளில் அண்ணன் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். வடக்குச் சன்னல் மேசைக்கு வேறு ஆள் வந்தார். ரப்பர் அந்தப் பக்கமாக இப்போது தாராளமாகப் போய்வரலாம். போகத்தான் காரணம் இல்லாமல் போயிற்று.

வருஷங்கள் போயின. நல்லது கெட்டதுக்கு மனைவிமார் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். ரப்பர் அப்போது செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கத்தை வெகுநேரம் படிப்பார். பேசி முடித்ததும் மனைவி யாரிடமோ சொல்வதுபோல, "பெரியவருக்கு மூச்சு வாங்குதாம்" என்பாள். "யாருக்கு?" என்று கேட்பார். யாருக்கு என்று அவருக்குத் தெரியாதா? அடுத்த லீவில் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒவ்வொரு லீவுக்கும் நினைப்பார். லீவு வரும். வீட்டுக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு காலையில் அண்ணி நேராக அவரையே கூப்பிட்டாள். "தம்பி, அண்ணன் போயிட்டாரு."

இந்தத் தடவை அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். முழிக்க மாட்டேன் என்று சொன்ன முகம். எதிரே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது இனிமேல் அவரைப் பார்க்கப் போவதில்லை. நாற்பது பேர் இருந்த கூடத்தில், வயசையும் மறந்து, வாய்விட்டு அழுதார். 

எல்லோரும் கலைந்த பிறகு அண்ணி அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க மேல அவருக்கு வருத்தமே கிடையாது தம்பி. அந்த ஓடை விஷயத்துக்கப்புறம் உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்ல."

"எந்த ஓடை?" என்றார் அவர்.

"அதான், மேட்டுக்கு வடக்கப் போட்டாரே, அந்த ஓடைதான். அவரு தெரிஞ்சேதான் தப்பாப் போட்டாரு. 'என்னங்க இது, நீங்களா இப்படி?'ன்னு கேட்டேன். 'எல்லாம் சரியா இருந்தா அவன் எதுக்கு வருவான்? தப்பான கோட்டைப் பாத்தா அவனால சும்மா இருக்க முடியாது. சண்டை போடவாவது வருவான்'னு சொன்னாரு. அவ்வளவு ஆசை. போறப்ப உங்களுக்குப் பிடிக்குமேன்னு நல்லா உறைஞ்ச கெட்டித் தயிர்கூட எடுத்துட்டுப் போனாரு."

ரப்பர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நீங்க வரல. ஆனா உங்க கோட்டையே அழிச்சு, அவரு கோட்டுக்குப் பொருத்திட்டு, என் தப்புதான்னு ஆபீஸ்ல சொல்லிட்டீங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து கண்ணுல தண்ணி விட்டாரு தம்பி. 'நான் தப்புப் போட்டேன்னு நாலு பேரு சிரிக்கக் கூடாதுன்னு, பழிய அவன் தலையில போட்டுக்கிட்டான் பாரு. ரப்பரு ரப்பருதான்'னு சொன்னாரு. இப்பப் போய் உண்மையைச் சொன்னா உங்களைப் பொய்யனாக்கின மாதிரி ஆயிடும்னுதான் கையெழுத்தும் போட்டாரு. 'அவனை ஒரு தடவை பொய் சொல்லிக் கூப்பிட்டேன், அதையும் தாங்கிக்கிட்டான். இனிமே நானாப் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது, அவனுக்குத் தோணுறப்ப வரட்டும்'னு இருந்துட்டாரு. எங்க யாருக்கும் அந்தப் பெரிய மனசு வராது தம்பி."

அப்படி இல்லை அண்ணி, அண்ணன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அழித்தேன் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் அன்றைக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த நம்பிக்கைதான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்தத் தலையாட்டல்தான் அவரைக் கொன்றது. அண்ணன் சாகும்வரைக்கும் ஒரு நல்ல தம்பியை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தத் தம்பி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அதற்கப்புறம் அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. வரைபடத்தை நம்பிச் சமவெளியில் சாலை போட்டவர்கள் மேட்டுக்கு வடக்கே ஒரு சிறு பாலம் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மழைக்கும் தெற்கே சாலை அறுத்துக்கொண்டு போயிற்று. வண்டிக்காரர்கள் அந்தப் பாலத்தைக் காட்டிக் கேலி பேசினார்கள். புதிதாக வந்திருந்த பிரிவுத் தலைவர் இரண்டு தாள்களையும் பழைய ஓரத்தாள்களையும் எடுத்து விரித்தார். கூடத்தில் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"மேற்குத் தாளைப் பாத்துத்தான் கிழக்கை மாத்தியிருக்காங்க," என்றார் அவர். "அப்ப முதல் தப்பு கல்வெட்டோடது. திருத்தக் குறிப்புல அப்படியே எழுதிடலாம். பாவம், போய்ச் சேர்ந்தவர்."

"எழுதாதீங்க சார்," என்றார் ரப்பர்.

"ஏன்?"

"ஓரத்தாள்ல இருக்கிறது பென்சில் கோடு சார். ரெண்டு பேரும் நேர்ல பாக்கிற வரைக்கும் அது முடிவு இல்ல. அவர் போட்டாரு, போட்டுட்டு வந்து பாருன்னு எல்லையில போய் உக்காந்தாரு. நான் போகல. அந்தத் தண்ணி தெற்கதான் போகுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே இங்க உக்காந்து வடக்க இழுத்துட்டேன். என் பேரை எழுதுங்க."

"தெரிஞ்சேவா? எதுக்கு?"

"எங்க அண்ணன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு."

யாரும் சிரிக்கவில்லை. பிரிவுத் தலைவர் குறிப்பில் அவர் பெயரையே எழுதினார். போய்த் திருத்திக்கொண்டு வருவதும் அவர் பொறுப்பு என்றார். கண்டிப்புக் கடிதம் ஒன்றும் வந்தது, அதை அவர் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் நம்பிக்கொண்டிருந்த காரியத்தை அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகச் செய்திருந்தார். கேட்கத்தான் அண்ணன் இல்லை.

மனைவி அதே நல்ல சட்டையை எடுத்துவைத்தாள். இந்தத் தடவை அவர் எதற்கு என்று கேட்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது பின்னால் அளவுக் கருவிகளுக்குப் பக்கத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகள் இருந்தன. டிரைவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவர் நாற்காலியைப் பற்றி வாயே திறக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் வண்டி நின்றபோது ரப்பர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எல்லைக்கு வந்ததும், "அண்ணன் எங்க கூடாரம் போட்டிருந்தாரு?" என்று கேட்டார்.

டிரைவர் வடக்கே, பாலம் இருக்கும் பக்கம் காட்டுவார் என்று அவர் நினைத்தார். டிரைவர் மேட்டைத் தாண்டித் தெற்கே நடந்தார். புல் நிறம் மாறுகிற இடத்தில், காய்ந்த ஓடையின் கரையில் நின்றார். அங்கே மூன்று கல் இருந்தது. உள்பக்கம் இன்னும் கறுப்பு போகாத அடுப்புக் கல். ரப்பர் பையிலிருந்து தன் பழைய அளவுக் குறிப்பை எடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. அவருடைய கோடு, அவர் தம் கையால் அழித்த கோடு, எல்லையைக் கடக்கிற இடம் அதுதான். வடக்கே பொய்யை வரைந்துவிட்டு, உண்மையான ஓடைக்கரையில் வந்து அண்ணன் அடுப்பு மூட்டியிருக்கிறார். தம்பி எந்த இடத்துக்கு வந்து நிற்பான் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு வந்திருந்தால், அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்த மாத்திரத்தில், ஒரு வார்த்தை பேசாமலேயே எல்லாம் புரிந்திருக்கும்.

"எவ்வளவு நாள் இருந்தாரு?"

"நீங்க வரலைன்னு நான் வந்து சொன்னேன் சார். 'ஒடம்பு சரியானதும் வருவான், கொண்டுவந்த தண்ணி தீர்ற வரைக்கும் இருக்கேன்'னாரு. தீந்தப்புறம் நான் போய் வேற தண்ணி கொண்டுவந்து குடுத்தேன். அதுவும் தீர்ற வரைக்கும் இருந்தாரு."

ரப்பர் கருவியை நிறுத்தினார். டிரைவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஓடைத் தடத்தில் இறங்கி நின்றார். கண் கலங்கி எண் தெரியாமல் ஒரு அளவை இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது, டிரைவர் பொறுமையாக நின்றார். பிறகு ரப்பர் தாளை விரித்து, அடுப்புக் கல் இருக்கிற இடத்தின் வழியாக ஓடையைத் தெற்கே இழுத்தார். ஒரே இழுப்பு. அழிக்கவில்லை. கிழக்குப் பக்கத்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மேற்குப் பக்கத்திலும் அவரே போட்டுவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பேனா அங்கே போகவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாளைச் சுருட்டினார்.

டிரைவர் இரண்டு நாற்காலிகளையும் கொண்டுவந்து அடுப்புக்கு இருபுறமும் விரித்துப் போட்டுவிட்டு ஜீப் பக்கம் போய்விட்டார். ரப்பர் ஒன்றில் உட்கார்ந்தார். காற்று புல்லைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, வந்துட்டேன்," என்றார்.

வெயில் சாயத் தொடங்கியதும் டிரைவர் வந்து நின்றார். "கிளம்பலாமா சார்?"

"வண்டியில தண்ணி எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு கேன் நெறைய இருக்கு சார்."

"அது தீரட்டும்," என்றார் ரப்பர்.